பயோடேட்டாவில் ஒரு வரி

பொம்மசந்திராவில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போன வருடம் மூடிவிட்டார்கள். முதலாளி எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கோபப்படக்கூட முடியவில்லை. சந்தாபுராவில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்து மகள் புரிந்துகொண்டாள். பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி புற்றுநோயில் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மகள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். "உன் சி.வி.யக் குடுப்பா, சரி பண்ணலாம்."

என்னிடம் இருந்தது கல்யாணமான புதிதில் டைப்பிங் சென்டரில் அடித்த பயோடேட்டா. படித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னப்பா இது, உயரம், எடையெல்லாம் போட்டிருக்க? போலீஸ் வேலைக்கா போற?"

"அப்பல்லாம் அப்படித்தாம்மா."

"சரி, கம்பெனில என்ன வேலை செஞ்ச, சொல்லு."

"ஸ்டோர்ஸ் பாத்துக்கிட்டேன்."

"அவ்ளோதானா? காலையில உள்ள போனதுலேர்ந்து சொல்லு."

லோடு வந்தால் இறக்கிச் சரிபார்ப்பது, தீரப்போகும் சாமானை முன்னாலேயே சொல்லி வரவழைப்பது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, வடக்கேயிருந்து வந்த லோடுமேன்களிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் பேசிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் ஆங்கிலத்தில் டைப் செய்தாள். திருப்பி வாசித்துக் காட்டியபோது யாரோ பெரிய மனிதரைப் பற்றிக் கேட்பதுபோலக் கூச்சமாக இருந்தது.

"கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?"

"இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

பிறகு சொந்த விவரங்களுக்கு வந்தாள். அப்பா பெயர், மதம், உயரம், எடை எல்லாவற்றையும் அழித்தாள். அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. அதில் 'மணமானவர்' என்று இருந்தது.

"இதையும் இப்ப யாரும் போடறதில்லப்பா." குரல் இறங்கியிருந்தது. "வேணும்னா அப்படியே இருக்கட்டும்னு விட்டுடறேன்."

அந்தப் பயோடேட்டாவை அடித்த அன்று மனைவியும் கூட வந்திருந்தாள். டைப் செய்தவர் என்னிடம் கேட்காமலே மணமாகாதவர் என்று அடித்துவிட, "அப்ப நான் யாருங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் பதறிப்போய்த் திருத்தினார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு இது தெரியாது. சொன்னேன். சிரித்தாள்; சிரித்துக்கொண்டிருந்தவள் அழ ஆரம்பித்தாள். அதுவரை நாங்கள் ஒருவர் முன் ஒருவர் அழுததில்லை. அவளுக்காக நான் அடக்கிக்கொள்வேன், எனக்காக அவள். அன்று லேப்டாப்பைத் தள்ளிவைத்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வரும்வரை அவள் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

"எடுத்துடும்மா" என்றேன் கடைசியில். "கம்பெனிக்காரங்களுக்கு எதுக்கு அது?"

முதலில் போன இரண்டு இடங்களிலும் வயதைக் காரணம் சொன்னார்கள். மூன்றாவது, ஜிகணி பக்கம் ஒரு சின்ன கம்பெனி. மேனேஜர் என் தாளைப் பார்த்துக்கொண்டே, இதையெல்லாம் நீங்களே செய்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். மகளிடம் ஒருமுறை சொல்லியிருந்ததாலோ என்னவோ, தடுமாறாமல் சொல்ல முடிந்தது. அடுத்த வாரமே வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் மகளுக்கு போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தாள் போலிருக்கிறது, ஒரே இரைச்சல்.

"கெடச்சிடுச்சும்மா."

"ஏய், எங்கப்பாவுக்கு வேலை கெடச்சிடுச்சுடி!" என்று பக்கத்தில் யாரிடமோ கத்தினாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.