முதுகுவலியோடு பவானியிலிருந்து மருதமலை வரை

இரண்டு மாத மருத்துவ விடுப்பில் பவானிக்கு வந்தபோது என்னால் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. நான் ராணுவத்தில் ஹவில்தார். மலை முகாம்களில் சுமை தூக்கித் தூக்கி அடிமுதுகு போய்விட்டது. ராணுவ மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்தார்கள். அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆனால் விடுப்பு முடிவதற்குள் தேறாவிட்டால் இனி மேசை வேலைதான் என்று சொல்லி அனுப்பினார்கள். என் பிளட்டூனை விட்டுவிட்டுக் கோப்பு புரட்டுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கோவை பீளமேட்டில் ஒரு கைரோபிராக்டரைக் கண்டுபிடித்தவள் என் மனைவி கோகிலா. மருந்தோ ஊசியோ இல்லாமல், முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை அது. ராணுவ மருத்துவரிடம் போனில் கேட்டேன். ஸ்கேனைக் காட்டிவிட்டுச் செய்துகொள்ளச் சொன்னார்.

பவானியிலிருந்து கோவை சுமார் நூறு கிலோமீட்டர், பேருந்தில் இரண்டரை மணி நேரம். முதல் பயணத்தில் பெருந்துறை தாண்டியதுமே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, சீட்டு காலியாத்தானுங்க இருக்குது?" என்றார் நடத்துநர்.

"வேடிக்கை பாக்கறனுங்க" என்றேன். அவிநாசி வரை நான் பார்த்த வேடிக்கை எனக்குத்தான் தெரியும்.

டாக்டர் என் வயதுப் பெண். "வலி எப்புடீங்க இருக்குது?" என்று கேட்டார்.

"தாங்கிக்கலாமுங்க."

கோகிலாவுக்குப் பொறுக்கவில்லை. "பொய்யுங்க டாக்டர். எங்க பாப்பா ஓடியாந்தா செவத்தப் புடிச்சுக்கறாரு. அவளத் தூக்கி ஒரு வருசமாச்சுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க வலிய மறைச்சா, நான் எங்கீங்க கை வைக்கறது?"

அதன் பிறகுதான், காலில் சாக்ஸ் மாட்டக்கூட ஆள் வேண்டியிருப்பதுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பில் ஓர் அழுத்து. மடக்கென்ற சத்தத்தில் உயிர் போய்விட்டதென்றே நினைத்தேன். அன்றைக்கே குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் ஆகவில்லை. வாரம் இருமுறை போனேன், வீட்டில் தினமும் பயிற்சி செய்தேன். மூன்றாம் வாரத்தில் இரவு முழுக்கத் தூங்கினேன். ஐந்தாம் வாரத்தில் பீளமேடு வரை உட்கார்ந்தே போனேன்.

கடைசி நாள் சிகிச்சை முடிந்ததும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மருதமலைக்குப் போனோம். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. அடிவாரத்தில் கோகிலா மலைக்கு மேலே போகும் பஸ்ஸைக் காட்டினாள்.

"பேசாம அதுல போயர்லாமுங்க."

"படியேறலாம் கோகிலா. டாக்டரே ஏறலாம்னுட்டாங்கல்ல."

பாதி வழியில் பாப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கால் வலிக்குதுப்பா." கோகிலா குனிவதற்குள் நான் முழங்காலை மடக்கி இறங்கி, பாப்பாவை நெஞ்சோடு அணைத்து எழுந்தேன். இடுப்பில் ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு படி ஏறினேன். இன்னொன்று. கோகிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். உச்சியில் பாப்பாவை இறக்கிவிட்டபோது கோயம்புத்தூரே கீழே விரிந்து கிடந்தது. கையில் ஒரு கொடி இருந்திருந்தால் நட்டிருப்பேன்.

இந்தச் சிகிச்சைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். சிகிச்சை தருபவர் முறையாகப் படித்தவரா என்று விசாரியுங்கள். எனக்குக் கிடைத்த பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். கோவையிலிருந்து திரும்புபவர்கள் மாலை நெரிசலுக்கு முன்பே பேருந்து ஏறிவிடுங்கள்.

நேற்று முகாமில் மருத்துவக் குழு என்னைப் பரிசோதித்தது. பழைய பிளட்டூனுக்கே போகலாம் என்றார்கள். உடனே கோகிலாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் போனைக் கையில் பிடித்தபடியே வீதிக்கு ஓடி, எதிர்வீட்டைக் கூப்பிடுவது கேட்டது.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு பாஸாயிட்டாருங்க!"