கண்டக்டரின் விமான ஆங்கிலம்

ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியும் தெருவில் அவரை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்டக்டர் சார்தான். மளிகைக் கடை வாசலில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் தனக்கு வேண்டிய சாமானைக் கேட்பார். கடைக்காரர் உட்பட எல்லோரும் தள்ளி நிற்பார்கள்.

வேலையில் இருந்தபோது அவருக்கு ஒரு பழக்கம். பஸ் கிளம்புவதற்கு முன்னால் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரு நடை நடந்து, உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் எங்கே போகிறார் என்று கேட்பார். அதான் பலகையில் எழுதியிருக்கிறதே என்று யாராவது அலுத்துக்கொண்டால், "பலகையைப் படிச்சவங்கதான் அதிகமா தப்பான வண்டியில ஏறியிருக்காங்க" என்பார். தினமும் ஒருவராவது மாட்டுவார். அவரை இறக்கி, சரியான வண்டியைக் கைகாட்டிவிட்ட பிறகுதான் விசில்.

இப்படிப்பட்டவர் விமானத்தில் ஏற வேண்டி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அந்த நேரத்தில் நடுக்கடலில் இருப்பார். அம்மாவும் அப்பாவும் போனால்தான் ஆச்சு. நேர் விமானம் கிடையாது. நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். அதை விட்டால் அடுத்தது மூன்று நாள் கழித்து. டாக்டர் சொன்ன தேதியோ தலைக்கு மேல் நின்றது.

"தெரிஞ்சவங்க ஒருத்தர் அடுத்த மாசம் கிளம்பறாங்க. அவங்களோட சேர்ந்து வந்துடுங்களேன்ப்பா" என்றாள் மகள், போனில்.

"அடுத்த மாசம் வந்தா உன் குழந்தைதான் ஏர்போர்ட்டுக்கு வந்து எங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

"அப்ப இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசப் பழகுங்க. ரெண்டாவது ஃப்ளைட்டை விட்டுட்டீங்கன்னா நான் இங்க தனியா மாட்டிக்குவேன்."

இங்கிலீஷ் கைவசம் இருந்தது. பஸ்ஸில் ஏறிப் புத்தகம் விற்கும் ஒருவர், தன்னை விரட்டாமல் விட்டதற்கு நன்றியாக, பல வருஷம் முன்பு 'பயணிகளுக்கான ஆங்கிலம்' என்ற மெலிந்த புத்தகம் ஒன்றைக் கண்டக்டருக்குக் கொடுத்திருந்தார். அதில் அதிகாரி கேட்பார், பயணி பதில் சொல்வார். பக்கத்துக்குப் பக்கம் அதேதான்.

அதிகாரியாக யார் இருப்பது என்ற பேச்சே எழவில்லை. கண்டக்டர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றார். அவர் மனைவி அந்தத் தெருவின் டெய்லர். ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டே பயணியானார்.

"பர்ப்பஸ் ஆஃப் விசிட்?"

"டு சீ மை டாட்டர், சார்."

"ஹவ் லாங் வில் யூ ஸ்டே?"

"த்ரீ மன்த்ஸ், சார்."

"ஹவ் மெனி பேக்ஸ்?"

"டூ பேக்ஸ், ஒன் ஹேண்ட் பேக், சார்."

"எனிதிங் டு டிக்ளேர்?"

மெஷின் நின்றது. "டிக்ளேர்னா என்னங்க?"

"மறைச்சு வச்சிருக்கறதை ஒத்துக்கறது."

"அப்ப பீரோ மேல வச்சிருக்கற சிகரெட்டை முதல்ல நீங்க டிக்ளேர் பண்ணுங்க."

ஆபீசர் அடுத்த பக்கத்துக்குத் தாவினார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், மகள் வீடியோவில் வந்து பரீட்சை வைத்தாள். பெரிய வயிற்றைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு, குரலைக் கனமாக்கி, "வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?" என்றாள்.

கண்டக்டர் தயங்கவே இல்லை. "வேர் ஆர் யூ கோயிங்?"

"அப்பா, நான்தான் ஆபீசர். நீங்க பதில் சொல்லணும்."

"சரி, கேளு."

"ஹவ் லாங் வில் யூ ஸ்டே?"

கண்டக்டர் நிமிர்ந்து நின்றார். "ஹவ் மெனி பேக்ஸ்?"

பழக்கத்தில் அவர் நாக்கு கேள்விகளுக்கு மட்டும்தான் திரும்பியது. பதில் என்று ஒன்று தன் வாயிலிருந்து வர வேண்டும் என்பதை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. மகள் பெருமூச்சு விட்டாள். "அம்மா, நீ சொல்லு."

பல்லில் நூலைக் கடித்தபடியே, "த்ரீ மன்த்ஸ், சார்" என்று வந்தது பதில்.

"என்னை ஏம்மா சார்ங்கற?"

"அது கூடவே ஒட்டிக்கிட்டு வருதுடி."

தீர்ப்பு உடனே சொல்லப்பட்டது. எல்லா இடத்திலும் அம்மாதான் பேசுவாள், அப்பா பையைத் தூக்குவார். "ஆபீசரையே திருப்பிக் கேள்வி கேட்டீங்கன்னா ஓரமா உட்கார வச்சிடுவாங்க. நீங்க வாயே திறக்கக் கூடாது."

"நான் ஊமைன்னு சொல்லிடட்டுமா?"

"அதை எப்படிப்பா வாயைத் திறக்காம சொல்லுவீங்க?"

கண்டக்டர் வாக்கு தவறவில்லை. ஊர் விமான நிலையத்தில் கவுண்டருக்குக் கவுண்டர் டெய்லரம்மாதான் பதில் சொன்னார். பக்கத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றவரை ஓர் அதிகாரி சந்தேகமாகப் பார்த்தபோது, புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்தார்: "ஹஸ்பண்ட், சார். நைஸ் மேன்."

முதல் விமானம் நல்லபடியாக இறங்கியது. நடுவழி விமான நிலையத்தில், அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸில் கேட் எண் தெளிவாக அச்சாகியிருந்தது. இருவரும் அந்த எண்ணைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்கள்.

"அங்க டிவியில என்னவோ மாறிக்கிட்டே இருக்கே. ஒரு தடவை பாத்துடலாமா?" என்றார் டெய்லரம்மா.

"டிக்கெட்டுல அச்சடிச்சதை யாரும் மாத்த முடியாது. ஆடிட்ல மாட்டுவாங்க" என்று கண்டக்டர் உதடு அசையாமல் சொன்னார்.

டெய்லரம்மா செருப்பைக் கழற்றி, வீங்கிய காலை நீட்டிக்கொண்டார். கூட்டம் சேர்ந்தது. வரிசை வளைந்து நெளிந்தது. பெட்டிகள் நடைவழியை அடைத்தன. கண்டக்டர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? எழுந்துவிட்டார்.

வரிசையின் கடைசியில் காதில் ஹெட்ஃபோனோடு ஓர் இளைஞன். "வேர் ஆர் யூ கோயிங்?"

அந்தத் தொனிக்கு இளைஞன் ஹெட்ஃபோனைக் கழற்றிப் போர்டிங் பாஸை நீட்டினான். ஊர் பெயர் வேறு! கண்டக்டரின் முகம் மலர்ந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் மாட்டியிருக்கிறான்.

"ராங் கேட். ப்ளீஸ் கெட் டவுன்."

இளைஞன் குனிந்து தரையைப் பார்த்தான். இறங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

அடுத்து கைக்குழந்தைக்காரி. அவளும் அதே வேறு ஊர். அதற்கடுத்து ஒரு வயதான ஜோடி. அவர்களும்தான். கண்டக்டர் முன்னேற முன்னேற, ஜனங்கள் தாமாகவே போர்டிங் பாஸைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்கள். வரிசை முழுக்க விசாரித்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தியா? மொத்தப் பேரும் தப்பான கேட்டுல நிக்கிறாங்க. நாம இல்லன்னா இவங்க கதி என்ன ஆகும்?"

"மொத்தப் பேருமா?"

"ஒருத்தர் பாக்கி இல்ல."

டெய்லரம்மா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, பஸ்ஸு முழுக்கத் தப்பா ஏறி, ஒருத்தர் மட்டும் சரியா ஏறினதை நீங்க என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

கண்டக்டர் பார்த்ததில்லை. அவர் தினமும் பார்த்தது இன்னொருவரை: பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றி இருப்பவர்களை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரே ஒருவரை. அவருக்கு வேர்த்துவிட்டது.

"போய்க் கேளுங்க!"

"நம்ம பொண்ணு என்னை வாயே திறக்கக் கூடாதுன்னு..."

"இப்ப திறக்காம எப்பத் திறப்பீங்க? எனக்குப் பதில்தான் தெரியும். கேக்கற இங்கிலீஷ் உங்ககிட்டதானே இருக்கு!"

சீருடை அணிந்த பெண் ஒருத்தி தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கும் குரலை எடுத்தார் கண்டக்டர். "எக்ஸ்க்யூஸ் மீ! விச் கேட்?"

பாதிக் கட்டடம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் ஓடி வந்து போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்தாள். கேட் மாறிவிட்டது, அந்தக் கோடியில் இருக்கிறது, கடைசி அழைப்பும் வந்துவிட்டது என்று கையாலும் வாயாலும் சொன்னாள்.

ஓடினார்கள். "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று கண்டக்டர் தமிழிலேயே கத்தினார். எல்லா நாட்டுக்காரர்களும் புரிந்துகொண்டு ஒதுங்கினார்கள்.

கதவைச் சாத்தப்போன ஊழியர் இவர்களைப் பார்த்து நின்றார். அவர் என்ன கேட்டார் என்று தெரியவில்லை. மூச்சு வாங்க நின்ற டெய்லரம்மா எதற்கும் இருக்கட்டும் என்று கையிருப்பு முழுவதையும் கொட்டினார்: "டு சீ மை டாட்டர், த்ரீ மன்த்ஸ், டூ பேக்ஸ், ஒன் ஹேண்ட் பேக், நத்திங், சார்!"

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

சீட்டில் உட்கார்ந்ததும் டெய்லரம்மா மகளுக்குப் போன் போட்டார். "ஏறிட்டோம்டி."

"அப்பாடா! சரியான ஃப்ளைட்தானே? நல்லா பாத்தியாம்மா?"

"அப்பா பாத்துக்கிட்டிருக்கார்."

"எதைப் பாக்கறார்? எங்க அவர்?"

"முன்னாடியிருந்து ஆரம்பிச்சு, இப்ப பின்பக்கம் போயிட்டார். அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு உட்காருங்க உட்காருங்கன்னு கெஞ்சுது. இரு இரு, கையைக் காட்டறார்... எல்லாரும் உன் ஊருக்குத்தான் வர்றாங்களாம்."