மூன்றாம் லைனில் பரவிய பயம்

மன்னார்ப் பக்கத்துக் கார்மென்ட்ஸ் தொழிற்சாலை ஒன்றில் மருத்துவ அறைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விரலில் ஊசி ஏறினால் மருந்து கட்டுவது, தலைசுற்றினால் படுக்க வைப்பது, இவைதான் அன்றாட வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

அன்று கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது. காற்று திரும்பியதில் அதன் புகை கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. தையல் மெசின்கள் வரிசையாக நிற்கும் மூன்றாம் லைனில், காலையில் சாப்பிடாமல் வந்த உயிலங்குளத்துப் பிள்ளை ஒருத்தி மயங்கி மெசினில் சரிந்தாள். பக்கத்தில் இருந்தவள் எழும்பிக் கத்தினாள்.

"ஐயோ, காஸ்! காஸ் அடிக்குது!"

நான் ஓடிப் போவதற்குள் வரிசையாகப் பிள்ளைகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி வாந்தி எடுக்க, அதைப் பார்த்தவளுக்கும் குமட்டியது. புகையே போகாத கடைசி லைனிலும் விழுந்தார்கள். அது நடிப்பில்லை. நாடி படபடவென்று அடித்தது, விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. காஸ் இல்லை என்று தெரிந்த எனக்கே உதடு மரத்தது.

எல்லோரையும் வெளியே மரநிழலுக்குக் கொண்டுபோனோம். மனேஜர் வெளிறிப்போய் நின்றார்.

"மிஸ், உண்மையா ஏதும் கசிஞ்சிட்டுதோ?"

"இல்லை சேர். பிள்ளையள் பயந்திட்டுதுகள். ஆறுதலாக் கதைச்சாச் சரியாகும்."

அப்படித்தான் ஆனது. மெல்ல மூச்சுவிடச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொருத்தியாகத் தெளிந்தாள். அதற்குள் வந்த அம்புலன்ஸ், அதிகம் கத்தி உதறியவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ரினோசா வெளியே மதிற்சுவரோரமாக இருந்தாள். மறிச்சுக்கட்டிப் பக்கத்துக்காரி, சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைப்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டு அவளிடம் வந்தேன்.

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"நெஞ்சு இறுக்குது மிஸ். சுப்பவைசர் பயம்தான் எண்டு சொன்னவ. இவளை முதல் பாருங்கோ."

கையைத் தொட்டேன், குளிர்ந்து நனைந்திருந்தது. மற்றவர்களுடைய நாடி வேகமாக ஓடியது. அவளுடையது விட்டுவிட்டு அடித்தது. மனேஜரின் வான் வண்டியிலேயே ஏற்றினோம். வழியில் அவளுக்கு மூச்சு நின்றது. ஆஸ்பத்திரி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே போனேன். அவள் திரும்பி வரவில்லை. இதயத்தில் முன்பே கோளாறு இருந்தது என்றும், நேரத்தோடு வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்பது உறுதியில்லை என்றும் டொக்டர் சொன்னார்.

பயம் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றும்போது எல்லோருக்கும் ஒரே நோய் போலத் தெரியும். அந்தக் கூட்டத்துக்குள் வேறு நோய்க்காரர் ஒருவரும் இருக்கலாம். ஒவ்வொருவரையும் தனியாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் போடாதவரிடம் முதலில் போங்கள்.

வேலை மறுபடி தொடங்கிய அன்று, ரினோசாவின் மெசினுக்கு முன்னால் இருந்தவள் தைத்துக்கொண்டே அழுதாள். பிறகு அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் லைன் முழுவதும் தலைகுனிந்து அழுதது. மனேஜர் பதறிக்கொண்டு வந்தார்.

"மிஸ், திரும்பவும் தொடங்கிட்டுது. நிப்பாட்டுங்கோ."

"இது வேறை சேர். அழட்டும், விடுங்கோ."

 அவர் தானே போய், மெசின்கள் நிற்கும்படி லைனின் சுவிட்சை அணைத்தார்.