சயோனாரா சொல்லக் கூடாது

போன மாதம் ஜப்பானில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வாயெல்லாம் பல்லாக "சயோனாரா" என்றேன். என்னைத் தங்க வைத்திருந்த வீட்டம்மா நொரிகோவின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? மொழி வகுப்புக்குப் போகிறேன், சாயங்காலம் திரும்பிவிடுவேன்... அதற்கு ஒரு டாட்டா. அவ்வளவுதானே?

அதற்கு முன், நான் எப்படி கியோட்டோவுக்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் குடியிருக்கும் ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஜப்பானிய மொழி மாலை வகுப்பு ஆரம்பித்தபோது இருபது பேர் இருந்தோம். நடுவில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள் — இந்த ஊரில் அதற்கு 'கூ' என்று பெயர், குயில் கூவுகிற மாதிரி! கூவி முடித்ததும் ஆக்லாந்துக்குச் சிலர், சிட்னிக்குச் சிலர், வான்கூவருக்குச் சிலர்... கடைசியில் பெஞ்சில் நான் மட்டும். சிறந்த மாணவிக்கென்று வைத்திருந்த இரண்டு வாரப் பயணம் மிச்சமிருந்த மாணவிக்குக் கிடைத்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இத்தனைக்கும் ஃபிஜியில் சர்க்கரை ஆலைக்குப் பஞ்சமில்லை.

நான் கிளம்புகிற அன்றுதான் பக்கத்து வீட்டு லலிதாவுக்கும் ஆக்லாந்தில் குடியேறப் பேப்பர் வந்தது. அவள் நர்ஸ். பூட்டன் காலத்தில் கரும்பு வெட்ட வந்த குடும்பம். பேசுவது ஃபிஜி ஹிந்தி, தமிழ் ஒரு கைப்பிடி. கூ நடந்த அன்று கடைத்தெரு பற்றி எரிய, என் பிள்ளைகள் இரண்டையும் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தியவள். போனால் திரும்பி வருவாளா? கேட்கத் தைரியமில்லாமல் விமானம் ஏறினேன்.

அடேயப்பா, என்ன ஊர்! தங்கத் தகடு வேய்ந்த கோயில் ஒன்று குளத்துக்குள் தலைகீழாக நிற்கிறது. அத்தனை கூட்டம் பார்க்கிறது, சத்தமே இல்லை. பாசிக்கென்றே ஒரு தோட்டம் — சுவா மழைக்கு என் வீட்டுக் கொல்லையில் படர்கிறதே, நான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேனே, அதே பாசி! தோட்டக்காரர் ஒருவர் மண்டியிட்டு, அதன் மேல் விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் நகரவில்லை நான். ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது.

சாப்பாடு? எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய பச்சை மீனை ஃபிஜியில் சாப்பிட்டுப் பழகியவளை சுஷி என்ன செய்யும்? மாட்டிக்கொண்டது மிசோ சூப்பில்தான். பார்த்தால் ரசம் மாதிரியே இருந்தது. கை சும்மா இருக்குமா? சோற்றுக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டேன். நொரிகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது அங்கே பூனைக்கு வைக்கிற சாப்பாடாம். கொடுத்துவைத்த பூனை!

சரி, சயோனாராவுக்கு வருகிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அதைச் சொல்லக் கூடாதாம். அது நெடுநாள் பிரிவுக்கு உரியது. "இத்தெ கிமஸ்" என்று நொரிகோ பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

இத்தெ — போய். கிமஸ் — வருகிறேன்.

போய் வருகிறேன்! புல்லரித்துவிட்டது எனக்கு. 'போறேன்' என்று சொன்னால் வாயிலேயே போடும் அம்மாவிடம் வளர்ந்தவள் நான். எங்கோ இருக்கிற ஜனம், நமக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, வாசலில் நின்று அதே சொல்லைச் சொல்கிறது! அதற்கு வீட்டிலிருப்பவர் சொல்லும் பதிலும் 'போயிட்டு வா'தான். சாயங்காலம் கதவைத் திறந்தால் "ஒகாயெரி" — நம்முடைய 'வந்துட்டியா?'. அந்த ஒரு வார்த்தைக்காகவே தினமும் நேரத்துக்கு வீடு திரும்பினேன்.

போன சனிக்கிழமை லலிதா கிளம்பினாள். வீட்டை விற்றாயிற்று, டாக்ஸியில் பெட்டிகளும் ஏறியாயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு, "போறேன்க்கா" என்றாள்.

ஜப்பானில் படித்து வந்த மேதாவி இல்லையா? உடனே திருத்தினேன்.

"அப்படிச் சொல்லக் கூடாது லலிதா. போயிட்டு வரேன்னு சொல்லணும்."

"தெரியும்க்கா. அம்மா சொல்லிக் குடுத்திச்சி. உங்ககிட்ட ஜூட் பேச வேணாம்னுதான்."

ஜூட் என்றால் இங்கே பொய்.

கேட்கத் துணியாத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அந்தக் கைப்பிடித் தமிழுக்கு முன்னால் என் மூட்டைத் தமிழ் எந்த மூலைக்கு? போகிறவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்... நிற்கிறவளுக்கும் ஒரு வரி இருக்கிறதே? "போயிட்டு வா" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டாக்ஸி கிளம்பிவிட்டது.

அவள் பங்குக்கு ஒரு 'வந்துட்டியா?' என்னிடம் பத்திரமாக இருக்கிறது.