மிச்சம் பிடித்த மருந்து

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

என் மனிசனுக்கு வயிற்றில் புற்றுநோய். முதுகெலும்புக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நோவுக்கு மோர்பின் என்று பாணி மருந்து இரண்டு போத்தல் தந்தார்கள். நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஊசியில்லாத சிறிஞ்சில் போட்டிருந்த கோடு வரை இழுத்து வாயில் விட வேண்டும்.

நான் பாதிக் கோடுதான் இழுத்தேன். அதுவும் அவர் கத்தத் தொடங்கினால்தான். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் காய்ச்சலுக்கு ஒரு பனடோலை நாலாக உடைத்து நாலு பிள்ளைகளுக்குக் கொடுத்தவள் நான். என் கையில் எதுவும் முடிந்துபோனதில்லை என்று எனக்கொரு பெருமை. இதைவிடப் பெரிய நோ வரும், அன்றைக்கு வேணும் என்று ஒரு போத்தலை அப்படியே அலுமாரியில் சேலைகளுக்குள் வைத்தேன்.

அந்தப் பெரிய நோ எப்போதோ வந்துவிட்டது. நெல்மூட்டையைத் தனியாகத் தூக்கி உழவுயந்திரத்தில் ஏற்றிய மனிதர் கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டார். கட்டில் சட்டத்தைப் பிடித்த கையை விரித்து எடுக்க எனக்கு ஏலவில்லை.

"இஞ்சேரும், என்னாலை ஏலாதப்பா. என்னைக் கொன்றுபோடும்."

சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, இவரை எடுத்துவிடு என்று கேட்டேன். படம் தொங்கியது அந்த அலுமாரிக்கு மேலேதான்.

வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் காலை ஆஸ்பத்திரித் தாதிப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்தாள். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா, இது எப்பவோ முடிஞ்சிருக்கோணுமே. மற்றப் போத்தல் எங்கை?"

நான் அலுமாரியைப் பார்த்தேன். அவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "விதைநெல்லு மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறா, மிசி. அடுத்த போகத்துக்கு" என்றார்.

தாதி சிரிக்கவில்லை. "இது முடிஞ்சால் இன்னொரு போத்தல் தருவம் அம்மா."

"முந்தியும் எத்தினை பேர் இப்பிடிச் சொன்னவை, பிள்ளை. ஆர் தந்தவை?"

அவளும் எங்களைப் போல இடம்பெயர்ந்து வளர்ந்தவள்.

"ஓம் அம்மா. ஆனால் ஐயாவுக்கு இண்டைக்கெல்லோ நோகுது. நோ ஏறினாப்பிறகு குடுத்தால் மருந்து அதுக்குப் பின்னாலை ஓடிக்கொண்டுதான் இருக்கும்."

கோடு வரை இழுத்து அவளே கொடுத்தாள். அன்று முழுக்க நான் நேரம் தவறாமல் கொடுத்தேன். பின்னேரம் அவருடைய கை சட்டத்தை விட்டுத் தானாகக் கழன்றது. "தேத்தண்ணி தாரும்" என்றார். நான் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அப்படி ஐந்து நாள் இருந்தார். அதோடு போய்விட்டார்.

அம்மா அப்பாவை நல்லாகப் பார்த்தவா என்று செத்தவீட்டில் மகள்மார் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் நிமிரவில்லை. அந்தப் பதினொரு நாளும் அவரைக் கத்தவிட்டது நான்தான். இதை அவர்களுக்கு என் வாயால் சொல்ல ஏலாமல்தான் எழுதுவிக்கிறேன்.

பிள்ளை, நீ எழுதினதை இப்ப முதலிலையிருந்து வாசி. பாதி குடுத்த இடத்தை எனக்காகப் பூசி மெழுகியிருந்தால், வெட்டிப்போட்டுத் திருப்பி எழுது.