மேனேஜரை ‘டா’ போட்ட பேய்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு மனுக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது, அதிலும் ஓர் எழுத்து தப்பு. காலர் வைக்கும் வரிசையில் பதினேழு வருடம். ஒரு நாளைக்கு நானூறு காலர். நானூறு பேர் கழுத்தை நிமிர்த்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது, தன் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பித்தான் பக்கத்தில் வருகிறவளோடு பேசுவாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அச்சடித்த காகிதம் எது கையில் கிடைத்தாலும், சாமான் கட்டிவந்த தாளானாலும், கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே போடுவாள். தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருப்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பிடித்தது வினை. கழிவறையில் தண்ணீர் வரவில்லையா, மனு. முதுகு சாயாத முக்காலியா, மனு. கெஞ்சல் கும்பிடு எதுவும் அதில் இருக்காது. “தரவேண்டியதைக் கேக்கறதுக்கு எதுக்குடி தயவு?” என்பாள்.

கூடத்தில் இருபத்திரண்டு ஜன்னல்கள். ஒரு வருடம் முன்பு, யாரோ சட்டைக் கட்டு ஒன்றை ஜன்னல் வழியாக வெளியே வீசிவிட்டதாகச் சந்தேகம் வந்தது. திருடனைப் பிடிக்க முடியவில்லை. காற்றைப் பிடித்து அடைத்தார்கள். அத்தனை ஜன்னலுக்கும் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தாயிற்று. உள்ளே ஐந்நூறு பெண்கள், ஐந்நூறு மெஷின், கடைசி வரிசையில் நாள் முழுக்க ஆவி கக்கும் பன்னிரண்டு இஸ்திரி மேசை. மேனேஜர் அறையில் மட்டும் குளிர்பதனம் ஓடியது.

மனுக்காரி முதல் மனுவை மேனேஜரிடம் கொடுத்தாள். அறையைவிட்டு வெளியே வந்த இரண்டு நிமிடத்துக்கே அவருக்கு வேர்த்துவிட, அந்த மனுவாலேயே விசிறிக்கொண்டு, “பாக்கறேன்மா, பாக்கறேன்” என்றார். இரண்டாவது மனு தொழிலாளர் அதிகாரிக்கு. அவர் அதன் மேல் ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று எழுதி மேனேஜருக்கே அனுப்பிவைத்தார். மூன்றாவது மனுவுக்கும் அதே பயணம்.

கோடை முற்றியபோது பெண்கள் விழ ஆரம்பித்தார்கள். முதல் நாள் பொத்தான் வரிசையில் ஒருத்தி. மூன்றாம் நாள் ஏழு பேர். அடுத்த வாரம் ஒரே மதியத்தில் பதினொருவர், மெஷின் மேலேயே தலைசாய்ந்து. கம்பெனி டாக்டர் வந்து, காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். மேனேஜருக்கு அதைவிட நல்ல காரணம் ஒன்று தேவைப்பட்டது. ஒரு மந்திரவாதியைக் காரில் கூட்டிவந்தார்.

மந்திரவாதி கூடத்தைச் சுற்றிப்பார்த்துவிட்டு, கட்டடம் எழுந்த இடத்தில் எப்போதோ ஒரு பெண் செத்திருக்கிறாள், அவள்தான் கழுத்தை நெரிக்கிறாள் என்றார். மூடிய கூடத்துக்குள் சட்டிசட்டியாகப் புகை போட்டார். புகையில் இன்னும் நான்கு பேர் விழுந்தார்கள். “பாத்தீங்களா, எவ்வளவு உக்கிரம்!” என்றார். அவருக்காக மெஷின் நின்ற அரைமணி நேரத்தை, சாயங்காலம் கூடுதலாக உட்கார்ந்து பெண்கள்தான் ஈடுகட்டினார்கள். பேய் ஈடுகட்டவில்லை.

மனுக்காரியின் தங்கை, பொத்தான் துளை போடும் காஜா வரிசையில் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் மூன்றாவது தடவையாக உண்டாகி, அப்போது ஐந்தாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. புகை போட்ட மூன்றாம் நாள், ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் பக்கவாட்டில் சரிந்து வயிறு தரையில் படும்படி விழுந்தாள்.

மனுக்காரி மேசைகளைத் தாண்டி ஓடினாள். ஓட்டத்தில் கொண்டை அவிழ்ந்தது. தங்கையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாசலில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“டேய்!” என்று கத்தினாள். “மூச்சு முட்டுதுடா! ஜன்னலைத் தொறடா!”

ஐந்நூறு மெஷினும் நின்றன. அது அவள் வாழ்நாளில் கேட்ட பெரிய அமைதி. மேனேஜரை ‘டா’ போடுவதா? அந்தக் கூடத்தில், ஏன், அந்த ஊரிலேயே எந்தத் தொழிலாளி வாயிலும் வந்திராத சொல் அது. ஆகவே தொழிலாளி சொல்லியிருக்க முடியாது. பின்வரிசைக் கிழவி ஒருத்தி முதலில் கும்பிட்டாள். அடுத்தவள் கும்பிட்டாள். மேனேஜரின் முகம் வெளிறி, இரண்டு கையும் தாமாகக் குவிந்தன.

“என்ன வேணும் தாயே?” என்றார்.

மனுக்காரிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது வாயைத் திறந்து, நான்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். தங்கையின் உதட்டைப் பார்த்தாள். தலைமுடியை முகத்தில் இன்னும் கொஞ்சம் சரியவிட்டு, “எல்லாத்தையும் தொற” என்றாள். “இப்பவே தொற. இவளைத் தூக்கிட்டுப் போய்க் காத்துல படுக்க வை.”

அரைமணியில் தச்சன் வந்தான். ஒரு மணியில் இருபத்திரண்டு ஜன்னலும் திறந்தன. மூன்று மனு செய்யாததை இரண்டு ‘டா’ செய்தது.

வீட்டில் அவள் புருஷன், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.

“பேய்க்கு ஓவர்டைம் உண்டாமா?”

“சிரிக்காதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு.”

“எதுக்கு வெக்கம்? காத்து வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. ஆனா நான் கேட்டு வரலையே. மனுஷி கேட்டா மூணு தடவையும் குப்பைக்குப் போகுது. செத்தவ கேட்டா தச்சன் ஓடி வர்றான்.”

தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொல்ல நினைத்தாள். தங்கை அதற்குள், தன் குழந்தையைக் காப்பாற்றிய அந்த ஆவிக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பிரசவம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனுக்காரி விட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு இதுதான்.

இரண்டு மாதம் காற்று வந்தது. ஒருத்தியும் விழவில்லை. பிறகு, வெள்ளைச் சட்டைகளில் தூசி படிகிறது என்று வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத நேரத்தில் பலகைகள் மறுபடி ஏறின. திங்களன்று மூவர் விழுந்தார்கள்.

இந்தத் தடவை மனுக்காரி தலைமுடியை அவிழ்க்கவில்லை. ஒரு தாளை எடுத்தாள். ‘ஜன்னல்களைத் திறக்கும் வரை வேலை செய்யமாட்டோம்’ என்று ஒரே வரி எழுதி, சாப்பாட்டு இடைவேளையில் வரிசை வரிசையாகப் போனாள். ஐந்து நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. தங்கையின் கையெழுத்து நான்காவது. அடுத்த திங்கள் காலை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது என்று முடிவாயிற்று. கூடத்தில் பெண்கள் நிமிர்ந்து நடந்தார்கள். சூப்பர்வைசர் அதட்டினால் பதிலுக்கு ஒரு சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை மதியம் செக்கிங் மேசையில் கூச்சல். சட்டைகளைச் சோதித்துத் தள்ளும் தலைமைக்காரி, மேனேஜரின் காரில் வீட்டுக்குப் போகிறவள், தலைவிரி கோலமாக மேசை மேல் ஏறி நின்று ஆடினாள்.

“என் தூக்கத்தைக் கெடுக்கறது யாருடி? வெளிச்சம் என் கண்ணைக் குத்துது! அன்னைக்கு ஜன்னலைத் தொறக்கச் சொன்னவளும் நான், இப்ப மூடச் சொன்னவளும் நான்! எவ எவ பேப்பர்ல கையெழுத்துப் போட்டாளோ, அவ வீட்டுல புள்ள தங்காது!”

சாயங்காலம் மணி அடிப்பதற்குள் நாற்பது பேர் மனுக்காரியிடம் வந்தார்கள். “என் பேரை அடிச்சிடு அக்கா.” “எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு அக்கா, கோவிச்சுக்காத.” தங்கை தூரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்கக்கூட இல்லை, கண்ணாலேயே கெஞ்சினாள்.

மனுக்காரி வெட்டு மேசை மேல் ஏறினாள்.

“எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு மேனேஜரைத் திட்டினது பேய் இல்ல. நான். என் தங்கச்சி விழுந்தா, எனக்குக் கோவம் வந்துச்சு, கத்தினேன். நீங்களா பேய்னு நெனச்சுக்கிட்டீங்க. நானும் சும்மா இருந்துட்டேன், அது என் தப்பு. இன்னைக்கு இவ ஆடினதும் பொய்தான். இங்க பேயும் இல்ல, பிசாசும் இல்ல. காத்து இல்ல, அவ்வளவுதான்!”

பொத்தான் வரிசையில் ஒருத்தி, பயந்த குரலில் கேட்டாள்.

“கோவம் எங்களுக்கும்தான் வருது அக்கா. நாங்க யாராவது அவரை ‘டா’ போட்டோமா? மனுஷியா இருந்தா அந்த வார்த்தை வருமா?”

கூட்டம் தலையாட்டியது. மனுக்காரி இத்தனை வருடம் படித்த எந்தத் தாளிலும் அதற்குப் பதில் அச்சாகியிருக்கவில்லை. ஐந்நூறு பேர் தங்கள் கோபத்தை அவ்வளவு நேர்த்தியாக விழுங்கப் பழகியிருந்தார்கள்; ஒருத்தி துப்பியதும் அது மனுஷக் கோபம் என்று அடையாளம் தெரியவில்லை.

“உள்ள இருக்கறதுதான் இப்படிப் பேசவைக்குது” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. “தன்னை இல்லவே இல்லைன்னு சொன்னா நாம ஏமாந்துருவோம்னு பாக்குது.”

மேனேஜர் அன்றே வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்தார். ஆவி வந்ததுபோல் நடித்து நிர்வாகத்தை ஏமாற்றியதை, எல்லார் முன்னிலையிலும் தானே ஒப்புக்கொண்டாள் என்பது காரணம். அதே சாயங்காலம், உண்மையான ஆவியைச் சாந்தப்படுத்த மந்திரவாதிக்கும் ஆள் அனுப்பினார். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று ஞாயிறன்று தொழிலாளர் அதிகாரியின் வீட்டுக்கே போய் மனுக்காரி கேட்டாள். “அது அவங்க உள்விவகாரம்மா” என்றார் அவர்.

திங்கள் காலை அவள் வாசலில் தனியாக உட்கார்ந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவளைச் சுற்றி விலகி உள்ளே போனார்கள். தங்கை மட்டும் நான்கடி தள்ளி நின்றாள்.

“அக்கா, உன் மேல எனக்குக் கோவம் இல்ல. அது உன்னை விட்டுப் போகட்டும். போனதும் நானே மேனேஜர் கால்ல விழுந்து உனக்கு வேலை கேக்கறேன்.”

“உள்ள போகாதடி. ஏழு மாசம். உன் உதடு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது.”

“கிட்ட வராத அக்கா” என்றாள் தங்கை, வயிற்றின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு. “புள்ள மேல உன் பார்வை பட வேணாம்.”

பத்தரை மணிக்கு இரண்டு பேரைத் தூக்கிவந்து வாசல் கம்பிக் கதவுக்கு உள்பக்கம், சுவர் நிழலில் கிடத்தினார்கள். ஒருத்தி அன்று கேள்வி கேட்ட பொத்தான் வரிசைக்காரி. மனுக்காரி தண்ணீர்ப் பாட்டிலைக் கம்பி இடுக்கில் நீட்டினாள். வாங்குவதற்கு ஆள் இல்லை. தூக்கிவந்தவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். கையை முடிந்தவரை உள்ளே விட்டு, அந்தப் பெண்ணின் முகத்தில் தண்ணீரைத் தெளித்தாள்.

பெண் கண்ணைத் திறந்தாள். தண்ணீர் யார் கையிலிருந்து வருகிறது என்று பார்த்தாள். எழுந்து உட்காரத் தெம்பில்லாமல், முழங்கையை ஊன்றி, தரையோடு தரையாக உள்பக்கமே நகர ஆரம்பித்தாள்.