கயல்விழி வைத்த தடுப்பு

நன்னிலம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது கயல்விழியின் பழுதுபார்க்கும் கடை. அந்த ஐப்பசியில் அமிர்தலிங்கத்தின் ஆம்ப்ளிஃபயர் மூன்றாவது முறையாக அங்கே வந்து இறங்கியது.

அமிர்தலிங்கம் இருபது ஊர்களுக்கு மைக் செட் போடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, இரங்கல் கூட்டம் என்று அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டாத தெரு அந்த வட்டாரத்தில் குறைவு. பெட்டியை மேசையில் வைத்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"நீ போடுறது டூப்ளிகேட் டிரான்சிஸ்டர்மா. ஒரிஜினலா இருந்தா மூணு தடவ போவுமா?"

கயல்விழிக்கு முகம் சுண்டிப்போனது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அவளைப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கவைத்தவள் அவள் அம்மா பொன்னுத்தாய். ஸ்ரீபெரும்புதூரில் ஆறு வருடம் செல்போன் போர்டுகளைச் சோதித்துக் கை தேர்ந்தவள் கயல்விழி. ஊர் திரும்பிக் கடை போட்டபோது, பொம்பளைக்கு மைக் செட் வேலை தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களெல்லாம் இப்போது வாடிக்கையாளர்கள். ஆனாலும் டூப்ளிகேட் என்ற பேச்சை அதுவரை யாரும் பேசியதில்லை.

அவள் வாதாடாமல் பெட்டியைச் சரிசெய்து கொடுத்தாள். அடுத்த விசேஷத்துக்குத் தானும் வருவதாக மட்டும் சொன்னாள்.

போய்ப் பார்த்ததில் சங்கதி விளங்கிவிட்டது. ஒரே பெட்டியிலிருந்து எட்டுக் குழாய்களுக்கு வயர் ஓடியது. ஈரமான மூங்கிலிலும் தென்னையிலும் சுற்றியிருந்த அந்த வயரை டிராக்டர் உரசி இழுத்தது, காற்று ஆட்டியது. இரண்டு கம்பிகள் எங்காவது ஒட்டிக்கொண்டால் போதும், பெட்டிக்குள் இருக்கும் பவர் டிரான்சிஸ்டர்கள் வழியாகக் கட்டுக்கடங்காமல் கரண்ட் பாயும். கண்ணிமைக்கும் நேரத்தில் அவை வெந்துவிடும். அவற்றைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது உருகுவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

வயரைச் சரியாகக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் மூன்று மாதம் மழை கொட்டும் ஊரில் எந்த வயர்தான் ஒட்டாமல் இருக்கும்? வயர் ஒட்டினாலும் பெட்டி பிழைக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள்.

பவர் டிரான்சிஸ்டருக்கு அடுத்து ஒரு சின்ன ரெசிஸ்டரைப் போட்டாள். கரண்ட் ஏற ஏற அதன் இரு முனைகளுக்கு இடையே வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதைக் கவனிக்க ஒரு குட்டி டிரான்சிஸ்டரை வைத்தாள். அளவு தாண்டியதும் குட்டி விழித்துக்கொண்டு, பெரியதைத் தூண்டும் சிக்னலை வழியிலேயே வேறு பக்கம் திருப்பிவிடும். அமிர்தலிங்கத்தின் கண்முன்னால் ஸ்பீக்கர் முனைகள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒட்டிக் காட்டினாள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எட்டு நாள்தான் நீடித்தது. தாராசுரத்தில் ஒரு கல்யாணத்தில் பத்து நிமிடம் வயர் ஒட்டிக் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. டிரான்சிஸ்டர்கள் மறுபடியும் போய்விட்டன. இனி பெட்டியைத் தஞ்சாவூருக்கே கொண்டுபோகிறேன் என்றார் அமிர்தலிங்கம். ஒரு வாரம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் கயல்விழி.

தன் தவறு எது என்பது அவளுக்கு மறுநாளே பிடிபட்டது. கடையில் ஒட்டிக் காட்டியது ஒரு நொடி. இப்போது ஒட்டியபடியே விட்டு, டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு நிமிடத்தில் விரல் வைக்க முடியவில்லை. கணக்குப் போட்டாள். பாட்டு ஓடும்போது வோல்டேஜை ஸ்பீக்கரும் டிரான்சிஸ்டரும் பங்குபோட்டுக்கொள்கின்றன. வயர் ஒட்டினால் ஸ்பீக்கருக்குப் பங்கே இல்லை, முழுவதும் டிரான்சிஸ்டர் தலையில் விழுகிறது. கரண்ட் அதே அளவில் நின்றாலும் சூடு பல மடங்கு. அப்படியானால் கரண்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. டிரான்சிஸ்டர் மேல் வோல்டேஜ் ஏறினால், அனுமதிக்கும் கரண்டின் அளவும் தானாகக் குறைய வேண்டும்.

அதற்குத் தேவைப்பட்டது ஒரு டையோடும் இரண்டு ரெசிஸ்டர்களும்தான். ஆனால் சரியான அளவு லேசில் கிடைக்கவில்லை. ஒரு அளவில், சோதனைக்காக ஓடவிட்ட நாகசுரக் கச்சேரியில் தவில் அடி விழும்போதெல்லாம் சத்தம் அடைத்துக்கொண்டது. இன்னொரு அளவில் தடுப்பு வேலையே செய்யவில்லை. நான்கு நாளில் சொந்தக் கையிருப்பிலிருந்து பதினோரு டிரான்சிஸ்டர்கள் எரிந்தன. ஐந்தாம் நாள் வயர் முனைகளை முறுக்கிக் கட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். கை கழுவிவிட்டு வந்து தொட்டால், தகடு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. முறுக்கைப் பிரித்தாள். நின்றுபோன நாகசுரம் தானாகவே எழுந்து கடையை நிரப்பியது. கயல்விழி வாய்விட்டுச் சிரித்ததில் உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. மேலப்புத்தூர் ஊராட்சித் தலைவி கனிமொழி, வெள்ள அறிவிப்புக்காக கயல்விழி தடுப்பு வைத்துக் கொடுத்த அமிர்தலிங்கத்தின் செட்டைப் பேட்டரியோடு வாடகைக்கு எடுத்து ஆறு தெருவுக்கும் குழாய் கட்டவைத்திருந்தார். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வாய்க்கால் கரை உடைந்தது. எல்லாரும் சாக்கோடு கரைக்கு வரும்படி கனிமொழி மைக்கில் கூப்பிட்டார். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் தெற்குத் தெருவில் முருங்கை முறிந்து வயர்மேல் விழுந்தது. ஆறு குழாயும் ஊமையாயின.

கடையில் கயல்விழியின் போன் அடித்தது. "பெட்டி செத்துப்போச்சும்மா" என்றார் அமிர்தலிங்கம். தெற்குத் தெருவில் முருங்கை வயர்மேல் விழுந்ததையும் சொன்னார். ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டதால் வேறு செட் கொண்டுவர வழியில்லை.

கருகின வாடை வருகிறதா, தகடு கொதிக்கிறதா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றார் அவர்.

"அப்ப சாவலங்க. தன்னைக் காப்பாத்திக்கிட்டு நிக்குது. வால்யூமைக் கொறைச்சிட்டு, தெக்குத் தெரு லைனை மட்டும் கழட்டிவிடுங்க. பெறவு ஏத்துங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு அதைப் பிளந்துகொண்டு, ஐந்து குழாயிலிருந்தும் ஒரே நேரத்தில் கனிமொழியின் குரல் வந்தது.

முந்நூறு பேர் கரையில் திரண்டார்கள். மத்தியானத்துக்குள் உடைப்பை அடைத்தார்கள். பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த இருநூறு மா நிலத்துச் சம்பா நெல் தப்பியது.

தண்ணீர் வடிந்ததும் அமிர்தலிங்கம் தன்னிடமிருந்த மற்ற நான்கு பெட்டிகளையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதம்மா. இது எல்லாத்துலயும் அதையே வச்சுடு."

தை பிறப்பதற்குள் குடவாசல், மன்னார்குடி, அதிராம்பட்டினம் என்று முப்பத்தேழு பெட்டிகள் அவள் கடைக்கு வந்து போயின. குடியரசு நாள் கிராமசபையில் கனிமொழி அவளுக்குச் சால்வை போர்த்தினார். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்ட பொன்னுத்தாய், பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் அது தன் மகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே தெரிந்தவர்களிடமும் சொன்னாள்.